எட்டாவது படித்தவர் சுயசரிதை எழுதலாமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சுயசரிதை எழுதுவது பற்றியவை. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். மதுரையில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தே காலத்தை ஓட்டியவன் நான். அடுத்தவர் வாழ்க்கையை எழுத்தெழுத்தாகப் படித்தவன் என்ற ஒரே தகுதியில் பதில் சொல்கிறேன்.

மீனாட்சியம்மன் கோவிலுக்கு எதிரே புதுமண்டபத்தில் தையல் மெஷின் போட்டிருந்தேன். கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிய பிறகு தொழிலை மகனிடம் விட்டுவிட்டேன். வயது 71. படிப்பு எட்டாவது வரை. கல்லூரியில் படிக்கும் பேத்தி 'உங்க கதையை எழுதுங்க தாத்தா' என்று நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறாள். 'நான் பிறந்தது வில்லாபுரத்தில்' என்று எழுதினேன். அதோடு நிற்கிறது. எப்படித் தொடங்குவது?
– தையல்காரர், வில்லாபுரம்

பிறந்ததில் தொடங்கினால் நிற்கத்தான் செய்யும் அண்ணே. நாம் பிறந்ததை நாம் பார்க்கவில்லை. அச்சகத்துக்கு வந்த கையெழுத்துப் பிரதிகள் பெரும்பாலும் அப்படித்தான் ஆரம்பிக்கும்: குலப்பெருமை, பாட்டனார் பெயர், அப்புறம் 'அக்காலத்தில் வாழ்க்கை எளிமையாக இருந்தது'. அந்த வரி வந்தாலே ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு கேள்விக்குறி போடுவேன். என்ன எளிமை? காலையில் பழைய சோறா, ஒன்றுமே இல்லையா? காலுக்குச் செருப்பு இருந்ததா?

நீங்கள் மெஷினில் தொடங்குங்கள். முதன்முதலில் யார் மெஷினில் உட்கார்ந்தீர்கள்? அதற்கு முன்னால் எத்தனை காலம் காஜா எடுக்கவும் பட்டன் கட்டவும் மட்டும் விட்டார்கள்? முதல் கூலியை யார் கையில் கொடுத்தீர்கள்? திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்தைப் பற்றிச் சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள், சிற்பங்களை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்தத் தூண்களுக்கு நடுவில் மத்தியான வெக்கையில் பெடலை மிதித்துக்கொண்டிருந்த உங்களுக்கு எந்தப் பக்கம் காற்று வரும், மழை பெய்தால் துணியை எங்கே நகர்த்துவீர்கள் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சித்திரைத் திருவிழாவை விட்டுவிடாதீர்கள். அழகர் வேஷம் போடுகிறவர்களுக்குச் சல்லடமும் (அரைக்கால் சட்டை) உருமாலும் (தலைப்பாகை) தைத்துக் கொடுத்தது உங்கள் ஆட்கள்தானே? எந்த ஊர்க்காரர்கள் முதலில் வருவார்கள், ஒரு சல்லடத்துக்கு எத்தனை முழம் துணி போகும், வருஷா வருஷம் உங்களிடமே வந்தவர் ஒரு வருஷம் வராமல் போனால் மனம் என்ன நினைக்கும்? எல்லாவற்றையும் எழுதுங்கள். 2020-ல் அழகர் ஆற்றில் இறங்கவில்லை. 2021-லும் எல்லாம் அழகர்கோவிலுக்கு உள்ளேயே முடிந்துவிட்டது. இது பேப்பரில் வந்துவிட்டது. அந்தச் சித்திரைகளில் உங்கள் மெஷின் என்ன செய்தது, சரக்குக்கு வாங்கிய கடனுக்கு ஜவுளிக் கடைக்காரரிடம் என்ன சொன்னீர்கள், அது எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

எட்டாவது போதும். இன்னும் சொல்லப்போனால் வசதி. அதிகம் படித்தவர்கள்தான் பேனாவை எடுத்ததும் 'யான்', 'அடியேன்' என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். பேத்திக்கு எதிரே உட்கார்ந்து சொல்வது போல எழுதுங்கள். நோட்டில் வலப்பக்கம் மட்டும் எழுதி இடப்பக்கத்தைக் காலியாக விடுங்கள், ஞாபகம் பிந்தி வரும், அதற்கு இடம் வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு விஷயம் போதும். வரிசை முறையெல்லாம் நோட்டு நிறைந்த பிறகு பார்க்கலாம், அதைப் பேத்தியே செய்வாள்.

அக்கா கல்யாணம் 1964 என்று அண்ணன் சொல்கிறார், நான் 65 என்கிறேன். பழைய கல்யாணப் பத்திரிகையில் 'குரோதி வருஷம் தை மாதம்' என்பது மட்டும் தெரிகிறது, மீதி கிழிந்துவிட்டது. மதுரையில் கலவரம், பஸ் இல்லை என்று மாப்பிள்ளை வீட்டார் இருட்டிய பிறகு வந்து சேர்ந்தது நினைவிருக்கிறது. வருஷங்களை எப்படிச் சரிபார்ப்பது?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, சோழவந்தான்

நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் டீச்சர். குரோதி வருஷம் 1964 ஏப்ரலில் பிறந்தது, ஆனால் அதன் தை மாதம் 1965 ஜனவரியில்தான் வருகிறது. தை, மாசி, பங்குனியில் நடந்த எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கைப் போட வேண்டும். பலர் இங்கேதான் ஒரு வருஷம் சறுக்குகிறார்கள். கலவரமும் பொருந்துகிறது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மதுரையில் மோதல் வெடித்தது 1965 ஜனவரி 25-ஆம் தேதி. தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது அதற்கு முந்தைய மாதம், அதே குரோதி மார்கழியில். 'புயலுக்குப் பிறகா, முன்னாலா' என்று அண்ணனைக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. குரோதி வேறு, குரோதன வேறு. குரோதன 1985-86. கையெழுத்து மங்கிய ஜாதக நோட்டில் இரண்டும் ஒன்று போலத் தெரியும், இருபது வருஷம் தள்ளிப்போய்விடும்.

மற்றபடி, மறதி மிகுந்த பெரியவர்களிடம் வருஷத்தைக் கேட்கவே கூடாது. வைகை அணை திறந்ததற்கு (1959) முன்னாலா பின்னாலா, உலகத் தமிழ் மாநாட்டுக்கு (1981 ஜனவரி) வந்தபோது கையில் குழந்தை இருந்ததா என்று கேட்டால் சட்டென்று சொல்வார்கள். நிலம், வீடு சம்பந்தப்பட்டது என்றால் வில்லங்கச் சான்று போட்டால் பத்திரம் பதிந்த தேதி வந்துவிடும். பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை மட்டும் முழுக்க நம்ப வேண்டாம். காரணத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையைச் சேர்க்க வந்த தகப்பனாருக்குத் தேதி தெரியாவிட்டால் அன்றைக்கு யார் போட்டுக்கொடுத்தார்கள்?

என் கொழுந்தனார் எங்கள் நிலத்தை ஏமாற்றி எழுதி வாங்கினார். அவர் இப்போது உயிரோடு இல்லை. இதை எழுதலாமா, மறைக்க வேண்டுமா?
– பெயர் வேண்டாம், உசிலம்பட்டி

எழுதுங்கள் அம்மா. எழுதுவதும் அச்சடிப்பதும் ஒன்றல்ல. நோட்டில் உள்ளது உங்களுக்கு, அதில் எதையும் அடக்க வேண்டாம். புத்தகமாக நாலு பேர் கைக்குப் போகும்போது கவனம் வேண்டும். இறந்துபோனவரைப் பற்றி எழுதினாலும், அவர் குடும்பத்தின் மனம் புண்பட வேண்டும் என்றே எழுதியதாக இருந்தால் அது அவதூறு ஆகலாம் என்று சட்டம் சொல்கிறது. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 499, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 356-வது பிரிவு. 'உண்மையைத்தானே சொன்னேன்' என்பது மட்டும் போதாது, அதைச் சொன்னது பொது நன்மைக்காக என்றும் காட்ட வேண்டிவரும். அச்சுக்குப் போகும் முன் ஒரு வக்கீலிடம் அந்தப் பக்கங்களைக் காட்டிவிடுங்கள்.

எழுத்து விஷயமாக ஒன்று சொல்கிறேன். 'துரோகி' என்று எழுதாதீர்கள். கைநாட்டு வாங்க வந்த அன்று திண்ணையில் யார் யார் இருந்தார்கள், உங்கள் வீட்டுக்காரர் என்ன கேட்டார், காப்பி கொடுத்தீர்களா, பத்திரத்தை யாராவது வாசித்துக் காட்டினார்களா என்று எழுதுங்கள். படிக்கிறவர் தானே முடிவுக்கு வருவார். கொழுந்தனார் ஒரு காலத்தில் உங்களுக்கு நல்லது செய்திருந்தால் அதையும் எழுதுங்கள், நிச்சயம் ஏதாவது இருக்கும்.

கை நடுங்குகிறது. செல்போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறதே, அது போதுமா?
– வாசகர், மேலூர்

தாராளமாக. ஆனால் பேச்சைப் பதிவும் செய்து வையுங்கள். போன் ஊர்ப் பெயரையும் வட்டாரச் சொல்லையும் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிடும், பதிவு இருந்தால்தான் திருத்த முடியும். குரலும் மிஞ்சும்.

எங்கே முடிப்பது? பேரன் கல்யாணம் வரை காத்திருக்கட்டுமா?
– வாசகர், திருமங்கலம்

பேரன் சம்மதிக்கிற வரைக்குமா? வேண்டாம் ஐயா. காந்தி 1925-லிருந்து 1929 வரை 'நவஜீவன்' பத்திரிகையில் வாராவாரம் தன் கதையை எழுதினார். எழுதிய வருஷம் வரைக்கும் அவர் வரவில்லை, 1920 நாகபுரி காங்கிரசோடு நிறுத்திக்கொண்டார். அதற்குப் பிறகான தன் வாழ்க்கை ஊரறிந்தது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அதனால் நம் மதுரைக்கு நஷ்டம். 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதி வீட்டிலிருந்து அவர் அரையாடையோடு வெளியே வந்த காலை அந்தப் புத்தகத்தில் இடம்பெறவில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு, ஆனால் அவர் செய்தது சரி.

உ.வே.சாமிநாதையர் வேறு மாதிரி. 1940-ல் 'ஆனந்த விகடனி'ல் 'என் சரித்திரம்' தொடங்கியபோது அவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. 1942-ல் காலமானபோது கதை 1900-ஐ ஒட்டித்தான் நின்றிருந்தது. அந்தப் புத்தகம் பாதியில் நிற்கிறது என்று யாரும் குறை சொன்னதில்லை. உங்களுக்கு வேலை கிடைத்தது வரை எழுதி முடித்தாலும் அது முழுப் புத்தகம்தான்.

எத்தனை பிரதி அச்சடிக்கலாம்?
– அதே வாசகர்

சொந்தபந்தத்துக்கு என்றால் டிஜிட்டலில் முப்பது, நாற்பது போதும். ஐநூறு அடித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். கடைகளில் விற்பதாக இருந்தால் ஐ.எஸ்.பி.என். (புத்தகத்துக்கான அடையாள எண்) வாங்குங்கள், அரசு அதை இலவசமாகவே தருகிறது. வாழ்த்துரை வாங்க யார் வீட்டுக்கும் அலையாதீர்கள், அதை எழுதுகிறவர் புத்தகத்தைப் படிப்பதில்லை. ஆஃப்செட்டில் ஃபாரம் கணக்கு, பதினாறு பதினாறு பக்கமாகப் போகும். கடைசியில் நாலைந்து பக்கம் மிஞ்சினால் குடும்பப் போட்டோ போடுங்கள். போட்டோவுக்குக் கீழே 'குடும்பத்தினருடன்' என்று விட்டுவிடாமல் இடமிருந்து வலமாக எல்லார் பெயரும், தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் பெயரும் இருக்கட்டும்.