போட்டை இழுக்கும் கயிறு

அண்ணா வணக்கம்,

காசிமேட்டிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் நாலு பேர், இரண்டு வருஷமாக ஜிம் சுவரில் ஏறிப் பழகுகிறோம். லீட் ஏறவும் (போல்ட்டுகளில் கயிற்றை மாட்டிக்கொண்டே மேலே போவது) பிலே பிடிக்கவும் (கீழே நின்று ஏறுபவரின் கயிற்றைப் பிடிப்பது) தெரியும். வரும் பொங்கலுக்கு ரயிலிலேயே கர்நாடகத்துப் பாதாமி போய் நிஜப் பாறையில் ஏற ஆசை. ஹார்னஸ் (இடுப்பில் கட்டும் பட்டை), ஷூ, ஹெல்மெட், 14 குயிக்டிரா (கயிற்றைப் போல்ட்டில் மாட்டும் கொக்கி ஜோடி) எல்லாம் சேர்த்துவிட்டோம். கயிறு மட்டும் இல்லை. கடையில் கேட்டால் பத்தாயிரத்துக்கு மேல் சொல்கிறார்கள். சித்தப்பா விசைப்படகில் போகிறவர். புதுசாக 60 மீட்டர், 14 எம்.எம். கயிறு எடுத்து வைத்திருக்கிறார். "போட்டையே இழுக்குது, உன்னைத் தாங்காதா?" என்கிறார். அது ஆகுமா? அப்புறம் எந்த ரயில், சாமான்களை எப்படிக் கொண்டுபோவது என்றும் சொல்லுங்கள்.

எஸ்., காசிமேடு

அன்புள்ள எஸ்.,

சித்தப்பா சொல்வது பொய்யில்லை. சும்மா தொங்கினால் அந்தக் கயிறு உங்களைத் தாங்கும். ஆனால் நீங்கள் கேட்க வேண்டியது வேறு: விழுகிற ஆளை அது எப்படி நிறுத்தும்?

கடைசியாக மாட்டிய போல்ட்டுக்கு 2 மீட்டர் மேலே கை நழுவினால் குறைந்தது 4 மீட்டர் விழுவீர்கள். மலையேற்றக் கயிறு அந்த நேரத்தில் ரப்பர் மாதிரி நீண்டு, விழுந்த வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்கிறது. படகுக் கயிறு அந்த மாதிரி நீள்வதற்கென்று செய்யப்படுவதில்லை. அது உங்களைச் சட்டென்று பிடித்து நிறுத்தும். அந்த அடி இடுப்பெலும்புக்கும் போல்ட்டுக்கும் பிலே பிடிப்பவருக்கும் நேராகப் போகும். கயிறு அறாமல் நின்றாலும் நீங்கள் பத்திரமாக இருக்க மாட்டீர்கள்.

ஈ.என். 892 என்ற ஐரோப்பியத் தரநிலை இதைத்தான் சோதிக்கிறது. ஒற்றைக் கயிறு என்றால் 80 கிலோ எடையைக் கட்டி, கயிற்றின் நீளத்தைப் போல ஏறத்தாழ 1.7 மடங்கு தூரம் விழவிடுவார்கள். முதல் விழலில் விசை 12 கிலோ நியூட்டனைத் தாண்டக் கூடாது. சுமார் 1,200 கிலோ தொங்குகிற அளவு அது. குறைந்தது 5 விழல்களை அறாமல் தாங்க வேண்டும். அதே சோதனையில் கயிறு 40 சதவீதத்துக்கு மேல் நீளவும் கூடாது. நீண்டால் தரையில் மோதிவிடுவீர்களே.

இன்னும் இரண்டு சிக்கல். 14 எம்.எம். கயிறு உங்கள் பிலே கருவிக்குள் நுழையவே நுழையாது. படகில் புழங்குவது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். அது 165 டிகிரி வாக்கில் உருகும். மலையேற்றக் கயிறு செய்யும் நைலான் 220 டிகிரி வாக்கில்தான் உருகும். உராய்வில் சூடேறும் இடத்தில் இந்த வித்தியாசம் பெரிசு. சித்தப்பா கயிற்றை ஈரத்துணி காயப்போட வைத்துக்கொள்ளுங்கள். பாறைப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். அவசரத்தில் யாராவது எடுத்துவிடுவார்கள்.

நாலு பேரும் பங்கு போட்டு ஒரு கயிறு வாங்குங்கள். 60 மீட்டர், 9.8 எம்.எம். போதும். முனையில் ஒட்டியிருக்கும் பட்டையில் ஈ.என். 892, வட்டத்துக்குள் 1 என்ற எண், இரண்டும் இருக்கிறதா பாருங்கள். ஈ.என். 1891 என்று இருந்தால் அது நீளாத வகை. மீட்புப் பணிக்கும் கயிறு வழியாக இறங்குவதற்கும் உரியது. விலை குறைவு என்று கடைக்காரர் எடுத்துக் காட்டினாலும் லீடுக்கு ஆகாது. அடுத்தவர் பயன்படுத்திய கயிறு எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். அது எங்கே கிடந்தது, எதன் பக்கத்தில் இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

ரயிலில் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயமும் அதுதான். நைலானுக்கு எமன் அமிலம். பேட்டரி ஆசிட் ஒரு சொட்டு பட்டாலும் போச்சு, ஆவி பட்டாலே கெடுதல். பல சமயம் நிறம்கூட மாறாது, தொட்டுப் பார்த்தாலும் தெரியாது, இழு விசை வரும்போதுதான் தெரியும். ஷேர் ஆட்டோவில் யாரோ இன்வெர்ட்டர் பேட்டரியோடு ஏறுவார். ரயிலில் கீழ் பெர்த்துக்கு அடியில் முந்தின பயணி எதைக் கொட்டினாரோ, கக்கூஸ் கழுவிய ஆசிட் தண்ணீர் எதுவரை வந்ததோ. அதனால் கயிற்றை முதலில் தடித்த பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அதைப் பைக்குள் வைத்து, மேல் பெர்த்காரர் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கட்டும். சுமார் 4 கிலோ, நல்ல தலையணை. ஷூவும் துணிமணியும் பெர்த்துக்கு அடியில் போகலாம். அங்கே இருக்கும் இரும்பு வளையத்தில் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுங்கள். ஹார்னஸ், குயிக்டிரா, ஹெல்மெட் மூன்றிலும் நாடா உண்டு, அவையும் மேலே.

எடைக்குப் பயம் வேண்டாம். ஸ்லீப்பரில் ஆளுக்கு 40 கிலோ, செகண்ட் கிளாஸில் 35 கிலோ இலவசம். உங்கள் சாமான் பாதிகூட வராது. கேம்பிங் அடுப்புக்கான கேஸ் குப்பி மட்டும் கூடவே கூடாது. ரயில்வே சட்டம் 164-ஆம் பிரிவில் 3 ஆண்டு சிறைவரை இருக்கிறது. பாதாமியில் ஜோளத ரொட்டி (சோள ரொட்டி) கிடைக்கும், சமைக்க என்ன அவசியம்.

வழி சுலபம். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் நேராக சென்ட்ரல். காலையில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் பிடித்தால் மதியம் பெங்களூரு கே.எஸ்.ஆர். ஸ்டேஷன். அங்கிருந்து மாலையில் கோல்கும்பஸ் எக்ஸ்பிரஸ் (மைசூருவிலிருந்து வருவது), கதக் வழியாக மறுநாள் காலையில் பாதாமி. நடுவில் கிடைக்கும் சில மணி நேரத்தை வீண் என்று நினைத்துக் குறைக்காதீர்கள். முதல் வண்டி தாமதமானால் காப்பாற்றுவது அதுதான். இரண்டு டிக்கெட்டின் பி.என்.ஆரையும் ஐ.ஆர்.சி.டி.சி.யில் இணைத்துவிடுங்கள், முதல் வண்டி தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிட்டால் பிடித்தம் இல்லாமல் பணம் கேட்க வழி இருக்கிறது. பெங்களூரில் கிளோக் ரூமில் பை வைக்க நினைத்தால் பூட்டு அவசியம், பூட்டாத பையை வாங்க மாட்டார்கள். நாடா இழுத்துக் கட்டும் கயிற்றுப் பையோடு போய் நிற்பவர்கள் திரும்பித்தான் வர வேண்டும். ஜிப் இருக்கும் பெரிய பைக்குள் அதைப் போட்டுப் பூட்டுங்கள்.

முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். ஜனவரி 14 பயணம் என்றால் நவம்பர் 15 காலை 8 மணி. சங்கராந்திக்குக் கர்நாடகத்திலும் கூட்டம். திரும்பும் டிக்கெட்தான் முதலில் தீரும்.

பாதாமி ஸ்டேஷனிலிருந்து ஊர் 5 கிலோமீட்டர், ஆட்டோ உண்டு. குடைவரைக் கோயில்கள் இருக்கும் பாறை தொல்லியல் துறையுடையது, அதில் கை வைக்காதீர்கள். போல்ட் அடித்த பாறைகள் தனியாக இருக்கின்றன. ஏறுவதற்கு முன் பாறையின் மேல்புறத்தை நிதானமாகப் பாருங்கள். மலைத்தேனீக் கூடு கறுப்பாகத் தொங்கும். தெரிந்தால் அந்தப் பக்கமே வேண்டாம்; புகை, சத்தம், சென்ட் எதுவும் கூடாது. குரங்குகள் ஜிப்பைத் திறக்கத் தெரிந்தவை. சாப்பாட்டைக் கயிற்றுப் பையில் வைத்தால் கயிறும் சேர்ந்து போகும்.

அங்கே இருப்பது செம்மணற்கல். அந்த மணல் கயிற்றின் உறைக்குள் புகுந்து உள்நூலை அறுக்கும். கயிற்றைத் தரையில் போடாமல், இரண்டு மீட்டர் பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றை விரித்து அதன்மேல் போடுங்கள். வடசென்னையில் அதற்கா பஞ்சம். கயிற்றை யாரும் மிதிக்கக் கூடாது.

ஜிம்மில் பழகியவர்கள் அதிகம் தவறுவது இறக்கும்போது. 60 மீட்டர் கயிற்றில் 30 மீட்டர் உயரம்தான் இறக்க முடியும். பாறை அதைவிட உயரம் என்றால் கயிற்றின் வால் பிலே கருவி வழியாக உருவிக்கொண்டு போய்விடும், மேலே இருப்பவர் விழுவார். இதைத் தடுக்க வால் முனையில் முடிச்சு போட்டாக வேண்டும். முனையைக் கயிற்றின் மேலேயே மூன்று சுற்று சுற்றி, சுற்றுகளுக்குள் நுழைத்து இறுக்கினால் ஆயிற்று. முப்பது சென்டிமீட்டர் வால் மிச்சம் விடுங்கள். முடிச்சுக்குச் சித்தப்பாவை நம்பலாம், ஒரே தடவையில் கற்றுக்கொடுத்துவிடுவார். ஹார்னஸில் கட்ட மட்டும் அவர் முடிச்சு வேண்டாம், 8 வடிவ முடிச்சே போடுங்கள். எதிரில் நிற்பவர் பார்த்தவுடன் சரியா தப்பா என்று தெரிகிற முடிச்சு அது.

வீட்டுக்கு வந்ததும் காரபினர்களை (குயிக்டிராவின் உலோகக் கொக்கிகள்) நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள். கடற்கரையிலிருந்து இவ்வளவு பக்கத்தில் அலுமினியத்தின் மேல் வெள்ளையாகப் பொடி பூக்கும், கொக்கியைத் திறந்து மூடும் கேட் சொரசொரக்கும். அப்போது சிலிகான் ஸ்ப்ரே ஒரு துளி கீலில் விட்டு, வழிந்ததைத் துணியால் துடைத்துவிடுங்கள். சித்தப்பாவிடம் கொடுக்காதீர்கள், கிரீஸ் பூசிவிடுவார். கிரீஸில் பாதாமி மணல் எல்லாம் ஒட்டிக்கொள்ளும்.