நகரத்தின் புகைக் கணக்கு: வாசகர் கேள்விகள்

கேள்வி (பல்லடம் வாசகர்): மரம் நடுகிறார்கள், தெருவிளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றுகிறார்கள். ஒரு நகரம் குறைந்த கார்பன் வளர்ச்சியை நோக்கி உண்மையிலேயே போகிறதா என்பதை எதைக்கொண்டு அளப்பது?

பதில்: நகரம் ஆண்டுதோறும் வெளியேற்றும் பசுங்குடில் வாயுக்களின், அதாவது கரியமில வாயு, மீத்தேன் போல வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயுக்களின், கணக்கைக்கொண்டுதான் அளக்க வேண்டும். நட்ட மரங்களின் எண்ணிக்கை செய்த வேலையைச் சொல்லும். விளைந்த பலனைச் சொல்லாது.

உலக வள நிறுவனம் என்ற ஆய்வு அமைப்பும், சி40, இக்லி என்ற நகரங்களின் உலகக் கூட்டமைப்புகள் இரண்டும் சேர்ந்து 2014-இல் நகரங்களுக்கென ஒரு பொதுக் கணக்கு விதிமுறையை வெளியிட்டன. வீட்டு அடுப்பின் எரிவாயு, வண்டிகளின் டீசல், ஆலைப் பாய்லரின் நிலக்கரி என ஊர் எல்லைக்குள் எரிபவை அதன் முதல் பிரிவு. வெளியிலிருந்து மின்கட்டமைப்பின் வழியே வந்து ஊருக்குள் செலவாகும் மின்சாரம் இரண்டாவது பிரிவு. ஊரின் குப்பை எல்லைக்கு வெளியே மக்குவதும், ஊரிலிருந்து புறப்பட்ட லாரி தூத்துக்குடித் துறைமுகம் வரை ஓடுவதும் மூன்றாவது பிரிவில் அடங்கும். மேட்டூர் அனல்மின் நிலையத்தின் புகை முழுவதையும் மேட்டூர்க்காரர்கள் தலையில் கட்டினால், அந்த மின்சாரத்தில் தறி ஓட்டும் ஊர்களெல்லாம் பொறுப்பிலிருந்து தப்பிவிடும். ஆகவே விதிமுறை அந்தப் புகையைத் தனியே குறித்துவைத்து, மின்சாரம் எங்கே செலவாகிறதோ அந்த ஊரின் கூட்டுத்தொகையில்தான் சுமையை ஏற்றுகிறது.

கணக்குப் போடுவது கடினமன்று. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளிவருகிறது. நம் நாட்டு மின்கட்டமைப்பிலிருந்து பெறும் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் செலவழிக்கும் வீட்டின் ஒரே மின்ரசீதில் 210 கிலோ அடங்கியிருக்கிறது. மட்கும் குப்பையைப் பிரிக்காமல் மலைபோல் குவித்தால் அடியில் மீத்தேன் உண்டாகும். அது நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்பதால், குப்பைக் கிடங்கைக் கணக்கில் சேர்க்காத நகரத்தின் அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பதும் போதாது. கோவை மாநகராட்சி 2011-இல் 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டையும் பிந்தைய ஆண்டையும் அப்படியே ஒப்பிட்டால், எல்லை வளர்ந்ததைப் புகை வளர்ந்ததாகத் தவறாகப் படித்துவிடுவோம். எனவே ஒரே எல்லை, ஒப்பிடுவதற்கு ஒரே அடிப்படை ஆண்டு, தலைக்கு எவ்வளவு, உற்பத்தியாகும் ஒவ்வொரு லட்சம் ரூபாய்ப் பொருளுக்கு எவ்வளவு என்று கேட்க வேண்டும். ஆர்டர் குறைந்த ஆண்டில் பின்னலாடை நகரத்தின் புகையும் குறையும். அது முன்னேற்றம் ஆகாது.

கேள்வி (திருப்பூர் வாசகி): எங்கள் சாயப்பட்டறைகள் கழிவுநீரை ஒரு சொட்டும் ஆற்றில் விடாமல் சுத்திகரிக்கின்றன. அப்படியானால் திருப்பூர் பசுமை நகரம்தானே?

பதில்: நீருக்கு அது பெரிய வெற்றி, கார்பனுக்கு அது கூடுதல் சுமை. நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் சாயக்கழிவால் கெட்டு, கீழ்ப்புறத்து உழவர்கள் வழக்காடி, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான் கழிவுநீரை முழுவதுமாக மீட்கும் முறை இங்கே உறுதியாக வேரூன்றியது. கழிவுநீரை உயர்ந்த அழுத்தத்தில் சவ்வு வழியே தள்ளவும், மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி உப்பைப் பிரிக்கவும் மின்சாரமும் நீராவியும் ஏராளமாகச் செலவாகின்றன. ஆற்றைக் காத்ததற்காக எவரும் வருந்த வேண்டியதில்லை. ஆனால் நீருக்கு ஒரு பத்தி, புகைக்கு ஒரு பத்தி என இரண்டையும் பக்கம் பக்கமாக எழுதினால்தான் அந்தப் பட்டறையின் உண்மை நிலை தெரியும்.

பாய்லர் விறகிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மரம் மறுபடி வளர்ந்து வாயுவை உறிஞ்சிக்கொள்ளும் என்ற எண்ணத்தில், விறகிலிருந்து வரும் கரியமில வாயுவை விதிமுறை கூட்டுத்தொகையில் சேர்க்காமல் தனியே எழுதச் சொல்கிறது. வெட்ட வெட்டத் துளிர்க்கும் சீமைக் கருவேலத்துக்கு அது பொருந்தும்; வெட்டிய வேம்புக்கு மாற்றாக ஒரு கன்றும் வைக்காத தோட்டத்துக்குப் பொருந்தாது. விறகு எங்கிருந்து வருகிறது என்று கேட்காத அளவீடு அரைகுறையானதே. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் உடுமலைப் பக்கம் சுழலும் காற்றாலைகளை நம் ஆலைகள் சொந்தமாக வைத்திருப்பது பாராட்டுக்குரியது. எனினும் அந்த மின்சாரம் பொதுக் கட்டமைப்பில் கலந்துவிடுவதால், ஊரின் கூட்டுத்தொகையில் அதைக் கழித்துக்கொள்ள முடியாது. தனியே குறிப்பிட்டுக் காட்டலாம்.

கேள்வி (ஈரோடு வாசகர்): நகரங்களுக்கு மத்திய அரசு தரவரிசை தருகிறதாமே?

பதில்: ஆம். மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகம் 2019-இல் பொலிவுறு நகரங்கள் (ஸ்மார்ட் சிட்டி) திட்டத்து நகரங்களுக்காகத் தொடங்கிய மதிப்பீட்டில் ஆற்றல், பசுமைப் பரப்பு, போக்குவரத்து, நீர், கழிவு என ஐந்து துறைகளில் 28 குறியீடுகள் உண்டு. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் நான்கும் அந்தத் திட்டத்தில் இடம்பெற்ற நகரங்களே. குழு அமைத்ததற்கும் திட்டம் தீட்டியதற்கும்கூட அதில் மதிப்பெண் கிடைக்கும் என்பதால், மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டுக் குறியீடு குறியீடாகப் படியுங்கள். நகருக்குள் விற்ற மின் யூனிட், விற்ற டீசல், கிடங்குக்குப் போன குப்பையின் எடை, பாய்லர்கள் எரித்த விறகின் எடை ஆகிய நான்கையும் மாநகராட்சி ஆண்டுதோறும் வெளியிட வேண்டுமென்று உங்கள் வார்டு உறுப்பினரிடம் எழுத்துமூலம் கேளுங்கள். கணக்கின் பெரும்பகுதியை நீங்களே வீட்டில் போட்டுவிடலாம்.