வளவுக்குள் வரும் பாம்புகள்: வாசகர் கேள்வி பதில்

மாரி மழை தொடங்கி, வளைகளிலும் பொந்துகளிலும் வெள்ளம் ஏறும் மாதங்களில், திருகோணமலை நகரைச் சூழ்ந்த குடியிருப்புகளிலிருந்து பாம்புகளைப் பற்றிய கடிதங்களே அதிகம் வருகின்றன. அவற்றுள் நான்கிற்கு இம்முறை பதில் தருகிறோம்.

எங்கள் பின்வளவில் விறகு அடுக்கியிருக்கும் இடத்தில் ஒரு நாகபாம்பைப் பல தடவை கண்டுவிட்டோம். அடிக்க மனம் வரவில்லை. மாமியார் நாகதம்பிரான் என்று சொல்லிப் பாலும் முட்டையும் வைக்கிறார். பாம்பு பிடிப்பவரை அழைத்தால் தொல்லை தீருமா? பினைல் தெளித்தால் வராதா?
– வாசகி, உப்புவெளி

அடிக்காமல் விட்டது நல்ல முடிவு. அடிக்கப் போகிறவர்தான் பாம்புக்கு மிக அருகில் போகிறார். தலை துண்டான பிறகும் அது சிறிது நேரம் கடிக்கக்கூடியது என்பதால், செத்த பாம்பைக் கையால் தூக்குவதும் ஆபத்தே.

பாம்பு கண்ணில் பட்டதும் பிள்ளைகளையும் நாயையும் உள்ளே அனுப்பிவிட்டு, பத்தடிக்குக் குறையாத தூரத்தில் ஒருவர் நின்று, அது எந்த இடுக்கினுள் போகிறது என்பதை மட்டும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிடிப்பவர் வந்து சேரும்போது பாம்பு இருக்கும் இடம் தெரியாவிட்டால், அவரால் செய்யக்கூடியது மிகக் குறைவு. யாரை அழைப்பதென்று தெரியாதவர்கள் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்தில் கேட்கலாம்.

பயிற்சி பெற்றவர் வேலை செய்வதைப் பார்த்தால் அதில் வீரம் எதுவும் தெரியாது. விறகை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கொக்கித்தடியால் விலக்குவார். துணிப்பையின் வாயைப் பிளாஸ்டிக் குழாய் ஒன்றில் இறுக்கிக் கட்டி, குழாயின் மறுமுனையைப் பாம்பின் முன்னால் வைத்துவிட்டு, பின்னாலிருந்து கொக்கியால் மெல்லத் தொடுவார். ஒளிந்துகொள்ள இருட்டைத் தேடும் பாம்பு தானாகவே குழாய்க்குள் நுழைந்து பைக்குள் இறங்கிவிடும். அவருடைய கை பாம்பின் மேல் படவே படாது. கூடி நிற்பவர்களுக்குப் படமெடுக்கச் செய்து காட்டுகிறவரையும், வாலைப் பிடித்துத் தூக்கியபடி ஒளிப்படத்துக்கு நிற்கிறவரையும் தயவுசெய்து மறுமுறை அழைக்க வேண்டாம்.

ஆனால் அவர் கொண்டுபோவது ஒரு பாம்பை மட்டுமே. அது உங்கள் வளவுக்கு வந்த காரணம் அங்கேயே இருந்தால், அதே விறகடுக்குக்குள் இன்னொன்று வந்து குடியேறும். கோழிக்கூட்டின் கீழே சிந்திய தீனுக்கு எலி வருகிறது. எலிக்குப் பின்னால் நாகமும் சாரையும் வருகின்றன. கிணற்றடியில் தேங்கும் நீருக்குத் தவளை வர, அதைத் தேடி நீர்ப்பாம்பு வருகிறது. ஆகவே விறகை நிலத்திலிருந்து ஓரடி உயரத்தில், சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள். பொச்சுமட்டையையும் பழைய கிடுகையும் மதிலோரம் குவிக்காதீர்கள். கதவின் கீழுள்ள இடைவெளியையும் குளியலறைக் கழிவுநீர்த் துளையையும் அடைத்துவிடுங்கள். பினைல், உள்ளிச்சாறு, கந்தகம் ஆகியவை பாம்பைத் தடுப்பதில்லை; அவற்றைத் தெளித்துவிட்டு நிம்மதியாக இருப்பதுதான் அவற்றால் வரும் கேடு.

மாமியாரின் நம்பிக்கையைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நம்பிக்கைதான் நம் ஊர்களில் எத்தனையோ நாகங்களை உயிருடன் விட்டிருக்கிறது. பால் நாகத்தின் உணவன்று. முட்டையை அது விழுங்கும், எலியும் தேடி வரும். எனவே படையலைக் கோயிலில் வைத்து வணங்கும்படி அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் வெள்ளைப் பட்டைகளுடன் ஒரு பாம்பு வந்தது. பக்கத்து வீட்டார் விஷமில்லாதது என்றார்கள், என் தம்பி கட்டுவிரியன் என்றான். எப்படி அடையாளம் காண்பது?
– வாசகர், பாலையூற்று

இருவர் சொல்வதும் சரியாக இருக்கக்கூடும் என்பதால்தான் இந்தக் கேள்வி முக்கியமாகிறது. சுவரேறிப் பல்லி பிடிக்கும் ஓநாய்ப்பாம்பு விஷமற்றது. ஆனால் கட்டுவிரியனைப் போலவே தோன்றும். ஓநாய்ப்பாம்பின் பட்டைகள் கழுத்தருகே தெளிவாகத் தொடங்கி வாலை நோக்கி மங்கிவிடும். எட்டடி விரியன் என்றும் சொல்லப்படும் கட்டுவிரியனுக்கோ, பளபளக்கும் கருநீல உடலில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் இரண்டிரண்டாக அமைந்து, தலைப்பக்கம் மங்கியும் வால்பக்கம் தெளிந்தும் இருக்கும். முதுகின் நடுவில் ஓடும் வரிசையில் செதில்கள் பெரிதாக அறுகோண வடிவில் இருக்கும். ஆனால் அதை எண்ணிப் பார்க்கும் தூரத்துக்கு யாரும் போகக் கூடாது. ஐயம் இருந்தால் கட்டுவிரியன் என்றே கொள்ளுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புடையன் என்று நாம் அழைக்கும் கண்ணாடி விரியன் கடித்தால் கடுமையான வலியும் வீக்கமும் ஆளை உடனே வைத்தியசாலைக்கு ஓட வைக்கும். கட்டுவிரியனோ பெரும்பாலும் நள்ளிரவில், நிலத்தில் பாய் விரித்து உறங்குகிறவர்களைக் கடிக்கிறது. வலி இல்லாததால் பலர் விழிப்பதும் இல்லை, காயமும் தெரியாமற்போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, பிறகு இமைகள் தாமாகச் சரிதல், எச்சில் விழுங்க முடியாமை, கடைசியில் மூச்சுத் திணறல் என்று அது முற்றிவிடுகிறது. நிலத்தில் உறங்கிய பிள்ளை அதிகாலையில் வயிறு வலிக்கிறது என்று அழுதால், சாப்பாட்டுக் கோளாறு என்று கசாயம் கொடுத்துக் காத்திருக்காதீர்கள்.

கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், வளையல்களைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, இலவச அம்புலன்ஸ் சேவையான 1990ஐ அழைத்தோ கிடைத்த வாகனத்திலோ அரச வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். அங்கு வழங்கப்படும் விஷமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிற்கும் எதிரானது. பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. தூரத்திலிருந்து எடுத்த ஒளிப்படம் இருந்தால் உதவும். 2012–2013இல் நாடு முழுவதும் வீடு வீடாக நடந்த ஆய்வு, இலங்கையில் ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடித்ததாகவும் 400க்கு மேற்பட்டோர் இறந்ததாகவும் மதிப்பிட்டது. கட்டில் இல்லாத வீட்டில், நுளம்பு வலையின் ஓரத்தைப் பாயின் கீழே நன்றாகச் செருகிவிட்டு உறங்குவது மலிவான, உறுதியான காவல்.

வயலோரத்தில் சாரையும் நாகமும் பின்னிப் பிணைந்து எழுந்து நின்றதைக் கண்டேன். அவை இணை சேருமா?
– வாசகர், தம்பலகாமம்

சேராது, இரண்டும் வேறு வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. நீங்கள் கண்டவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள், ஒன்றையொன்று நிலத்தில் சாய்க்கப் போட்டியிட்டிருக்கும். சாரைக்கு வாலிலும் விஷமில்லை, வாயிலும் விஷமில்லை. வயலில் எலியைக் குறைப்பதும் அதுதான்.

எங்கள் வீட்டில் பிடித்த பாம்பை வெகுதூரக் காட்டில் விடச் சொன்னோம். பிடித்தவர் மறுத்து, அருகிலுள்ள பற்றைக்காட்டில் விடப்போவதாகச் சொன்னார். திரும்பி வந்துவிடாதா?
– வாசகி, நிலாவெளி

அவர் தம் தொழிலை அறிந்தவர். பாம்புக்குத் தன் நிலம் தெரியும்: எங்கே தண்ணீர், எங்கே வளை, எங்கே இரை என்று. அறியாத இடத்தில் விடப்பட்ட பாம்பு நிலைகொள்ளாமல் அலைந்து, வீதியைக் கடக்கையில் நசுங்கும், அல்லது வேறொருவரின் வளவுக்குள் புகும். அதனால் ஆட்கள் நடமாடாத, மறைவுள்ள மிக அருகான இடமே பொருத்தமானது. நெருக்கமான குடியிருப்பில் பிடிபட்ட விஷப்பாம்பாக இருந்தால், எங்கே விடுவதென்பதை அவர் வனசீவராசிகள் அதிகாரிகளிடம் கேட்டுத் தீர்மானிப்பது நல்லது. அது திரும்பி வருமோ என்ற அச்சம் உங்களுக்கு நியாயமானதே. உப்புவெளி வாசகிக்குச் சொன்ன விறகு, கோழித்தீன், கதவிடுக்கு ஆகிய மூன்றையும் இந்த வாரமே சரிசெய்துவிடுங்கள்.