வார்னிஷ் வைத்தால் செய்தித் தளம் வேகமாகுமா?

கேள்வி: எங்கள் செய்தித் தளம் வேர்ட்பிரஸில் ஓடுகிறது. கூட்டம் வந்தால் திணறுகிறது. முன்னால் வார்னிஷ் வைத்தால் சரியாகுமா?

ஆகும். வார்னிஷ் என்பது தளத்துக்கு முன்னால் நின்று, ஒருமுறை உருவான பக்கத்தின் நகலைச் சேமித்து (இதுதான் கேஷ்), அடுத்தடுத்துக் கேட்பவர்களுக்கு அதையே கொடுக்கும் மென்பொருள். ஆனால் குக்கியை, அதாவது உலாவி வைத்திருந்து ஒவ்வொரு கோரிக்கையோடும் தளத்துக்கு அனுப்பும் சிறு குறிப்பை, கவனிக்காமல் வைத்தால் வைத்த மாதிரியே இருக்காது.

வார்னிஷ் பிறந்ததே ஒரு செய்தித் தளத்துக்காகத்தான். நார்வேயின் வெர்டென்ஸ் காங் நாளிதழுக்காக 2006-இல் அதை உருவாக்கினார்கள்; எழுதியவர் பவுல்-ஹென்னிங் காம்ப். அங்கே ஸ்க்விட் என்ற இன்னொரு கேஷ் மென்பொருள் ஓடிய 12 சர்வர்கள் பார்த்த வேலையை 3 வார்னிஷ் சர்வர்கள் பார்த்தன.

கணக்கு எளிது. முகப்புப் பக்கத்துக்கு நொடிக்கு 100 கோரிக்கைகள் வருகின்றன என்று வையுங்கள். பக்கத்தை ஒரு நிமிடம் மட்டும் கேஷில் வைத்தால்கூட, அந்த 6,000 கோரிக்கைகளில் ஒன்றுதான் பக்கத்தை உருவாக்கும் பிஎச்பி, தரவுத்தளமான மைஎஸ்கியூஎல் வரை போகும். செய்தி பழசாகிவிடுமே என்று ஆசிரியர் குழு பதறினால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் வார்னிஷ் 120 நொடி வைத்திருக்கும்.

சரி, குக்கிக்கு வருவோம். கோரிக்கையில் எந்தக் குக்கி இருந்தாலும் வார்னிஷ் கேஷைத் தொடாமல் நேரே பின்னாலிருக்கும் வேர்ட்பிரஸுக்கு அனுப்பிவிடும். அதன் இயல்பு அமைப்பு அப்படி. உங்கள் தளத்தில் வாசகர் வருகையைக் கணக்கிடும் கூகுள் அனலிடிக்ஸ் இருந்தால், ஒருமுறை வந்துபோன வாசகர் எல்லாரிடமும் குக்கி இருக்கும். அதாவது, வழக்கமான வாசகர் ஒருவருக்கும் கேஷ் பயன்படாது. “வார்னிஷ் போட்டும் பலனில்லை” என்ற புலம்பலுக்கு நான் பார்த்தவரை பெரும்பாலும் இதுதான் காரணம். அந்தக் குக்கி உலாவிக்குள் ஓடும் ஸ்கிரிப்டுக்குத்தான் வேண்டும், சர்வருக்கு வேண்டாம். ஆகவே வார்னிஷின் அமைப்புக் கோப்பான விசிஎல் கோப்பில் உள்நுழைவு, கருத்துரை, கடவுச்சொல் போட்ட பதிவு ஆகியவற்றின் குக்கிகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கழற்றிவிடுங்கள். நிர்வாகப் பக்கங்களுக்குப் போகும் குக்கிகளைத் தொடவே வேண்டாம்.

என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் கேஷ் இதற்கு நேர் எதிர். வருகிற குக்கியை அது பார்ப்பதே இல்லை. சேமிக்காதே என்று பின்னாலிருக்கும் சர்வர் சொல்லாவிட்டால், உள்நுழைந்தவரின் பக்கம் அடுத்தவருக்குப் போய்விடலாம். எனக்கு வார்னிஷின் பயந்த சுபாவமே பிடிக்கும். எச்டிடிபிஎஸ்ஸுக்காக (மறையாக்கிய இணைப்பு) வார்னிஷுக்கு முன்னால் என்ஜின்எக்ஸை நிறுத்துவது வழக்கம்தான், அது வேறு விஷயம்.

அமைத்த பிறகு கர்ல் என்ற கட்டளை வரிக் கருவியை வைத்து ஒரே பக்கத்தைச் சில நொடி இடைவெளியில் இரண்டு மூன்று முறை கேளுங்கள். பதிலோடு வரும் தலைப்பு வரிகளில் ‘ஏஜ்’ (பக்கம் எத்தனை நொடியாகக் கேஷில் இருக்கிறது) எண் ஏறிக்கொண்டே போனால் கேஷ் வேலை செய்கிறது. எப்போதும் 0 என்றே வந்தால், ஏதாவதொரு பிளகின் வருகிறவர்களுக்கெல்லாம் செட்-குக்கி (குக்கியை வைத்துக்கொள்ளச் சொல்லும் தலைப்பு வரி) அனுப்புகிறதா என்று முதலில் பாருங்கள்; அது இருக்கும் பதிலை வார்னிஷ் சேமிக்காது.