குதிரைக்கு என்ன கேட்கிறது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

உங்கள் தளத்தைப் பல வருடங்களாக வாசித்துவருகிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல்முறை. குதிரைகளைப் பற்றி அவ்வப்போது எழுதுகிறீர்கள் என்பதால் கேட்கத் துணிந்தேன்.

எனக்கு 36 வயது. மதுரையில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் மேலூர் பக்கம். எங்கள் ஊர் ஐயனார் கோயிலில் வரிசையாக மண்குதிரைகள் நிற்கும். அவற்றின் காலடியில் விளையாடி வளர்ந்தவள் நான். உயிருள்ள குதிரையில் ஒருநாள் ஏறிவிட வேண்டும் என்ற ஆசை அப்போதிருந்தே உண்டு. இந்தத் தை மாதம்தான் கைகூடியது. அழகர்கோயில் சாலைப் பக்கம் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். ஞாயிறுதோறும் காலை வகுப்பு.

எனக்குத் தருவது ராணி என்ற பெண்குதிரை. ரேஸில் ஓடி ஓய்வுபெற்றது. மாஸ்டர் ஏறினால் அவர் நினைத்தபடியெல்லாம் போகிறது. நான் ஏறினால் மைதானத்து கேட்டைக் கடக்கும்போதெல்லாம் அங்கேயே நின்றுவிடுகிறது. உதைத்தாலும் அசையாது. மூலைகளில் ஓரமாகப் போகாமல் உள்ளே வெட்டிக்கொண்டு வருகிறது. டிராட், அதாவது நடைக்கும் பாய்ச்சலுக்கும் நடுவிலான துள்ளோட்டம், ஆரம்பித்தால் நேர் எதிர். வேகம் கூடிக்கொண்டே போகிறது. கடிவாளத்தை இழுக்க இழுக்க இன்னும் வேகமெடுக்கிறது. போன வாரம் என்னையும் சுமந்துகொண்டு லாயத்துக்கே ஓடிவிட்டது. பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டதால் விழாமல் தப்பித்தேன்.

"நீங்க பயப்படுறது அதுக்குத் தெரிஞ்சுபோச்சு, குச்சியால நல்லா ஒண்ணு போடுங்க" என்கிறார் மாஸ்டர். எனக்கு அடிக்க மனம் வரவில்லை. வீட்டில் அண்ணன், "ஜல்லிக்கட்டு ஊர்ப் பக்கம் பொறந்துட்டு ஒரு குதிரைய அடக்க முடியலையா?" என்று கேட்கிறார். விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது. இதற்கிடையில் ஒன்பது வயது மகள் தானும் வருவேன் என்று அடம்பிடிக்கிறாள். அவளைச் சேர்க்கலாமா?

எஸ்., மதுரை

*

அன்புள்ள எஸ்.,

முதலில் உங்கள் அண்ணனுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் வாடிவாசலைத் தாண்டிப் பாய்ந்து வரும் காளையின் திமிலைச் சில நொடிகள் பிடித்து நிற்பது ஒரு வித்தை. அதே காளையை மறுநாள் காலையில் அந்த வீட்டுப் பெண் ஒற்றைக் கயிற்றில் தண்ணீர் காட்டக் கூட்டிப்போகிறாளே, அது வேறு வித்தை. அவளும் காளையும் அதை வருடக்கணக்கில் சேர்ந்து பழகியிருக்கிறார்கள். குதிரையேற்றம் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. நானூறு ஐந்நூறு கிலோ எடையுள்ள ஒரு உயிரை யாரும் கைப்பலத்தால் நிறுத்திவிட முடியாது. உங்கள் மாஸ்டராலும் முடியாது. அவர் நிறுத்துவது வேறொன்றால்.

ராணியின் பக்கத்திலிருந்து பாருங்கள். அது பயிற்சிக் குதிரை. ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு முன்னும் பின்னும் அதன் முதுகில் புதியவர்கள் ஏறுகிறார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக உதைக்கிறார்கள், இழுக்கிறார்கள், சமநிலை தவறும்போதெல்லாம் கடிவாள வாரைப் பிடித்துத் தொங்குகிறார்கள். குதிரையின் தோலில் ஒரு ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து அதை விரட்டும். பக்கத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். ஈயின் எடையை உணரும் உடம்பு உங்கள் குதிகாலை உணராமல் இருக்குமா? உணர்கிறது. ஆனால் அந்த உதைக்கு அர்த்தம் எதுவும் இல்லை என்று எத்தனையோ பேர் அதற்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். நடந்தாலும் உதை, நின்றாலும் உதை என்றால் எந்த உயிரும் காதை மூடிக்கொள்ளும்.

நாம் அறியாமல் நம் உடம்பு பேசுவதைக் குதிரை எவ்வளவு தூரம் வாசிக்கும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1900களின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை. வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற கணக்கு ஆசிரியர் வளர்த்தது. கூட்டல் கழித்தல் கேட்டால் குளம்பால் தரையைத் தட்டிச் சரியான விடை சொல்லும். ஊரே திரண்டு பார்த்தது. 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் அதைச் சோதித்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியவில்லை. கேட்பவர் கண்ணில் படாவிட்டாலும் தெரியவில்லை. நடந்தது இதுதான்: கேள்வி கேட்டவர் தட்டல்களை எண்ணுவதற்காகத் தன்னை அறியாமல் லேசாக முன்னால் குனிந்தார். சரியான எண் வந்ததும் தலை ஒரு நூலளவு நிமிர்ந்தது. குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தியது. இந்த ரகசியத்தைக் கண்டுபிடித்த பிறகும் ஃபுங்ஸ்டால் தன் தலையசைவை அடக்க முடியவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

ஸ்வீடனில் நடத்தி 2009இல் வெளியான ஓர் ஆய்வு உங்கள் மாஸ்டர் சொன்னதற்கு இன்னும் நெருக்கமானது. குதிரையோடு ஒரே பாதையில் பலமுறை போய்வந்தவர்களிடம், கடைசிச் சுற்றில் மட்டும் "நீங்கள் கடக்கும்போது குடை விரியும்" என்று சொன்னார்கள். குடை விரியவே இல்லை. ஆனால் மனிதர்களின் இதயத்துடிப்பு கூடியது, கூடவே குதிரைகளின் துடிப்பும் கூடியது. ஆக, உங்கள் பயம் ராணிக்குத் தெரிகிறது என்பது சரி. அதனால் அது உங்களை ஏய்க்கிறது என்று நினைப்பதுதான் தவறு. முதுகில் இருப்பவர் பயந்தால், பயப்பட ஏதோ இருக்கிறது என்று மந்தையில் வாழப் பிறந்த பிராணி நினைக்கிறது. அவ்வளவுதான்.

இனி டிராட். உங்கள் கடிதத்தில் என்னை உட்காரவைத்தது அந்த வரிதான்: இழுக்க இழுக்க வேகமெடுக்கிறது. பயந்த மனிதர் குதிரைமேல் என்ன செய்வார்? முன்னால் குனிவார், முழங்காலை இறுக்குவார், குதிகால் மேலே ஏறும், கடிவாள வாரைக் குட்டையாக்கி இறுகப் பிடிப்பார். இப்போது ரேஸில் குதிரை ஓட்டும் ஒரு ஜாக்கியை நினைத்துப் பாருங்கள். அதே குனிதல், அதே குட்டை வார். ரேஸ் குதிரை கடிவாளத்தின்மேல் சாய்ந்துகொண்டுதான் ஓடப் பழகுகிறது. வாயில் இறுக்கம் கூடினால் அதன்மேல் சாய்ந்து இன்னும் தள்ளும். நீங்கள் "நில்லு நில்லு" என்று கெஞ்சுவதாக நினைக்கும்போது உங்கள் உடம்பு "ஓடு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. ராணி கீழ்ப்படியாமல் போகவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே பாடத்தை ஒழுங்காக ஒப்பிக்கிறது.

அதனால் அடுத்த முறை வேகம் கூடும்போது முதலில் மூச்சை முழுதாக வெளியே விடுங்கள். தோளைப் பின்னால் கொண்டுவந்து சேணத்தில் கனமாக உட்காருங்கள். முழங்காலைத் தளர்த்திக் குதிகாலைக் கீழே இறக்குங்கள். பிறகு வாரைப் பிடித்து, உடனே விடுங்கள். மறுபடி பிடித்து, விடுங்கள். இரண்டு கைகளாலும் ஒரே இழுப்பாக இழுத்தால் குதிரைக்குச் சாய்ந்துகொள்ள ஒரு சுவர் கிடைத்துவிடும். பிடித்து விட்டால் சுவர் இல்லை. கடிவாள இரும்பு, முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் இல்லாத வெற்று ஈறில்தான் கிடக்கிறது. எலும்பின்மேல் மெல்லிய தசை மட்டும் உள்ள இடம். அங்கே விரலை மடக்குவதே போதுமான பேச்சு. வேகம் ஒரு அடி குறைந்தாலும் அந்த நொடியிலேயே கையைத் தளர்த்திவிடுங்கள். குதிரை கற்றுக்கொள்வது அழுத்தத்தால் அல்ல, அழுத்தம் நீங்கும் கணத்தால். நீங்கள் அரை நொடி தாமதித்தால் அது வேறெதையோ கற்றுக்கொண்டுவிடும். உங்கள் மாஸ்டரிடம் உள்ள வித்தை இந்த நேரக்கணக்குதான். கையில் குச்சி இல்லாவிட்டாலும் அவர் சொன்னபடி ராணி போகும்.

அப்படியும் லாயத்தை நோக்கி ஓட ஆரம்பித்தால் பெரிய வட்டமாகத் திருப்புங்கள். வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கினால் வேகம் தானாக இறங்கும். பாய்ச்சலில் இருக்கும் குதிரையை ஒரு பக்க வாரால் வெடுக்கென்று இழுத்துத் திருப்பாதீர்கள். கால் இடறி இரண்டு பேரும் விழ நேரும்.

கேட் அருகே நிற்பதற்கு வருகிறேன். அந்த கேட்டில்தான் வகுப்பு முடிகிறது, எல்லோரும் இறங்குகிறார்கள், வாரைத் தளர்த்துகிறார்கள். ராணிக்கு அது ஓய்வின் இடம். இதை மாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது. கேட் பக்கம் வரும்போது வேலை வாங்குங்கள்: ஒரு சிறு வட்டம், இரண்டு திருப்பம். எதிர்க் கோடிக்குப் போய் அங்கே நிறுத்தி, வாரை நீளமாக விட்டு, கழுத்தைத் தடவிக்கொடுங்கள். வகுப்பு முடிந்து இறங்குவதும் அங்கேதான். மாஸ்டரிடம் சொன்னால் ஒத்துக்கொள்வார். மூலையில் வெட்டிக்கொண்டு வருகிறதா? உங்கள் பார்வை எங்கே இருந்தது என்று யோசியுங்கள். பெரும்பாலும் குதிரையின் காதுகளில் இருக்கும். போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். தலை திரும்பினால் இடுப்பு திரும்பும், எடை மாறும், அது குதிரைக்குத் தெரியும். உள்பக்கக் காலை, சேணத்தைக் கட்டும் வயிற்று வாருக்குப் பக்கத்தில் லேசாக அழுத்தி அதை ஓரத்துக்குத் தள்ளுங்கள்.

நகரச் சொல்லும்போது முதலில் காலால் மெல்ல அணையுங்கள். பதில் இல்லையென்றால் கொஞ்சம் அழுத்தம். அப்போதும் இல்லையென்றால் காலுக்குப் பின்னால் குச்சியால் ஒரே ஒரு தட்டு, தெளிவாக. குதிரை நகர்ந்ததும் காலும் குச்சியும் முழு அமைதி. இது அடிப்பது ஆகாது. மணிக்கணக்கில் தொணதொணவென்று உதைத்துக்கொண்டே இருப்பதைவிட இது எவ்வளவோ கருணையானது. மனம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள், அதனால் சொல்கிறேன்.

இவ்வளவும் செய்துபார்ப்பதற்கு முன்னால் ராணிக்கு வலி ஏதும் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். அரை மணி நேரம் முன்னதாகப் போய், சேணம் பூட்டுவதைப் பாருங்கள். நல்ல குதிரைக்காரர் வயிற்று வாரை ஒரே மூச்சில் இறுக்க மாட்டார். இறுக்கும்போது சில குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். அவர் ஒரு துளை இறுக்கி நிறுத்துவார், நாலு எட்டு நடத்துவார், மூச்சு இறங்கியதும் இன்னொரு துளை. அந்த நேரத்தில் ராணி காதைப் பின்னால் மடக்குகிறதா, வாலைச் சுழற்றி அடிக்கிறதா, திரும்பிக் கடிக்க வருகிறதா? அப்படியென்றால் முதுகிலோ சேணத்திலோ ஏதோ இருக்கிறது. பல் எப்போது பார்த்தார்கள், லாடம் எப்போது மாற்றினார்கள், ஒருநாளில் எத்தனை வகுப்புக்கு அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். பணம் கட்டுகிற உங்களுக்குக் கேட்க உரிமை உண்டு. சித்திரை வெயிலில் ஒன்பது மணிக்குமேல் வகுப்பு நடத்தும் இடமென்றால் நான் வேறு இடம் பார்ப்பேன். கடிவாளத்தில் முள் வைத்திருந்தால் அன்றைக்கே வெளியேறுங்கள். வண்டி மாடு, பொதிமாடு, குதிரைகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகளிலேயே அதற்குத் தடை உண்டு.

குதிரை விஷயத்தில் நம் நாட்டுக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. உங்கள் மேலூருக்குப் பக்கத்துத் திருவாதவூர்க்காரரான மாணிக்கவாசகர்தான் பாண்டியனின் பொன்னோடு குதிரை வாங்கப் புறப்பட்டவர். நரி பரியான கதையை மதுரையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்கோ போலோ எழுதிவைத்தது அவ்வளவு இனிமையாக இல்லை. ஹோர்முஸ், ஏடன் துறைகளிலிருந்து அரசர் ஆண்டுக்கு 2000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குவார், அவருடைய சகோதரர்கள் நால்வரும் அப்படியே வாங்குவார்கள், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாது என்கிறார். வேகவைத்த சோறும் இறைச்சியும் கொடுத்திருக்கிறார்கள். குதிரை வைத்தியம் தெரிந்தவர் யாரும் இல்லை. வியாபாரம் குறையக் கூடாது என்று வணிகர்கள் அப்படிப்பட்டவர்களை வரவிடவும் இல்லையாம். படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். ஐயனாருக்கு வானளாவ மண்குதிரை செய்து நிறுத்திய மண்ணில், உயிருள்ள குதிரைக்கு என்ன வேண்டும் என்று கேட்டுப் பழகிய வீடுகள் குறைவு. நீங்கள் கேட்கிறீர்கள். அதனாலேயே விட்டுவிடாதீர்கள் என்கிறேன்.

மாஸ்டரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். அடுத்த சில வகுப்புகளுக்கு, அவர் நடுவில் நின்று நீளக் கயிற்றில் ராணியை வட்டமாக ஓட்டட்டும். உங்கள் கையில் கடிவாளம் வேண்டாம், காலை நுழைக்கும் வளையமான அங்கவடியும் வேண்டாம். கை இரண்டும் இடுப்பில். வியன்னாவின் ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளியில் சேரும் மாணவர்களையும் முதலில் இப்படித்தான் நீண்ட நாள் வைத்திருப்பார்கள். பிடித்துத் தொங்க எதுவும் இல்லாதபோதுதான் உடம்பு உட்காரக் கற்கும். அது வந்துவிட்டால் உங்கள் கை ராணியின் வாயை விட்டுவிடும். மாஸ்டர் மறுத்தால் வேறு குதிரை கேளுங்கள். ரேஸ் குதிரையைப் புதியவருக்குத் தருவதில் எனக்கு உடன்பாடில்லை. வயதான, நிதானமான நாட்டுக் குதிரை ஒன்று அங்கே நிச்சயம் இருக்கும்.

மகளைத் தாராளமாகக் கூட்டிப்போங்கள். ஒன்பது வயது நல்ல வயது. ஆனால் முதல் மாதம் ஏற்ற வேண்டாம். உடம்பு தேய்த்துவிடட்டும், பெரியவர் ஒருவர் கூடவே இருக்கக் கயிற்றைப் பிடித்து நடத்தட்டும், நிறுத்தட்டும். குதிரைக்குப் பக்கவாட்டில் கிட்டத்தட்ட எல்லாம் தெரியும், நேர் பின்னால் தெரியாது. அங்கே போய் நிற்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஏறும் நாளில் குதிரையேற்றத்துக்கென்றே உள்ள ஹெல்மெட் வேண்டும், தாடைப் பட்டை பூட்டியிருக்க வேண்டும். பைக் ஹெல்மெட் உதவாது. சின்னதாகக் குதிகால் வைத்த ஷூ போடுங்கள், அங்கவடிக்குள் பாதம் வழுக்கி மாட்டிக்கொள்ளாமல் இருக்கும். இந்த இரண்டையும் பள்ளியில் தருவார்கள் என்று நம்பாமல் நீங்களே வாங்கிவிடுங்கள்.