பழைய லேண்ட் ரோவரில் ஆல்டர்னேட்டரை நாமே மாற்ற முடியுமா?

சீரிஸ் 3 லேண்ட் ரோவர் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், இரண்டு நாள் ஓட்டாமல் நிறுத்திவைத்தாலே பேட்டரி இறங்கிவிடுகிறது என்றும், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிட்டு அதிக ஆம்பியர் தரும் ஒன்றைத் தாமே பொருத்தலாமா என்றும் கேட்டிருக்கிறார். பொருத்தலாம். சில போல்ட்டுகளும் ஒரு பெல்ட்டும்தான் வேலை. ஸ்பானா பிடித்துப் பழகியவருக்கு ஒரு மணி நேரம் போதும். ஆனால் வாங்கி மாட்டிய பிறகும் சார்ஜ் ஏறவில்லை என்றால், குறை பெரும்பாலும் அதற்கு வரும் கம்பியிலோ, பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் எர்த் இணைப்பிலோ, டாஷ்போர்டில் இருக்கும் சின்னஞ்சிறு சிவப்பு விளக்கிலோதான் இருக்கும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன் என்பதால், போல்ட்டைப் பற்றிக் குறைவாகவும் இவற்றைப் பற்றி விரிவாகவும் எழுதுகிறேன்.

நான் மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டில் இருக்கிறேன். தேயிலைத் தோட்டங்களும் காய்கறித் தோட்டங்களும் சூழ்ந்த இந்த ஊரில் பழைய லேண்ட் ரோவர்கள் இன்றைக்கும் மூட்டை சுமந்து மலைச்சரிவில் ஏறி இறங்குகின்றன. என் அப்பா வாங்கிய 2.25 லிட்டர் பெட்ரோல் வண்டியும் அவற்றில் ஒன்று. அதில் இருந்தது லூக்காஸ் நிறுவனத்தின் 16ஏசிஆர் வகை ஆல்டர்னேட்டர்; உச்சத்தில் 34 ஆம்பியர்தான் தரும். உங்களுக்கு எத்தனை ஆம்பியர் வேண்டும் என்பதை வாங்கும் முன் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்விளக்குகள் இரண்டும் 55 வாட் என்றால் சுமார் 9 ஆம்பியர். விடியுமுன் மூட்டை ஏற்றுவதற்காக நான் மாட்டியிருக்கும் நான்கு வேலை விளக்குகளும் 55 வாட் என்பதால் மேலும் 18. அதோடு வைப்பர், இக்னிஷன், பின்விளக்குகள் என்று கூட்டினால் 34 தாண்டிவிடுகிறது. வண்டி நின்ற இடத்தில் முடுக்காமல் ஐடிலில் ஓடும்போது எந்த ஆல்டர்னேட்டரும் தன் முழு அளவைத் தராது என்பதையும் சேர்த்துக்கொண்டால் பேட்டரி ஏன் இறங்கியது என்பது புரிந்துவிடும். இத்தனை விளக்குகள் இல்லாத வண்டிக்கு 45 ஆம்பியர் தாராளம். நான் 65 ஆம்பியர் தரும் ஏ127 வகையை, ஹாஃப்கட் (பாதியாக வெட்டப்பட்ட பழைய வண்டி) சாமான் விற்கும் ஒரு கடையில் வாங்கினேன்.

வாங்கி வந்த அன்றே மாட்டினேன். எஞ்சினை உயிர்ப்பித்துப் பேட்டரியின் முனைகளில் மீட்டரை வைத்தால் 12.3 வோல்ட், ஒரு புள்ளிகூட ஏறவில்லை. கழற்றி மலையிறங்கிக் கடைக்கே கொண்டுபோனேன். அவர்களுடைய சோதனை மேசையில் அது நன்றாகவே சார்ஜ் செய்தது. மறுபடி கொண்டுவந்து மாட்டினால் மறுபடியும் அதே 12.3. தோட்டத்துப் பட்டறையில் நெடுங்காலம் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் எங்கள் வீட்டு வரிசையில் இருக்கிறார். அவரிடம் சொன்னேன். அவர் வண்டிப் பக்கம்கூட வரவில்லை.

“சாவியத் திருப்பினா சிவப்பு வெளக்கு எரியுதா தம்பி?”

“இல்லண்ணே, அது ரொம்ப வருசமா எரியிறதே இல்ல.”

“அப்புறம் நல்ல சாமான ஏன் கொற சொல்ற? மொதல்ல பல்ப மாத்து.”

டாஷ்போர்டு பலகையைத் தளர்த்தி, அந்த விளக்கின் பிடியைப் பின்னாலிருந்து இழுத்தேன். மிளகு அளவுக் கண்ணாடி உட்புறம் கறுத்து, இழை அறுந்து ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. 12 வோல்ட், 2.2 வாட் பல்பு. ஒரு தே தாரிக் (நுரைக்க ஆற்றிய பால் தேநீர்) குடிக்கும் காசுக்குள் கிடைத்துவிடும். அதை மாற்றிச் சாவியைத் திருப்பியதும் சிவப்பு எரிந்தது, எஞ்சின் ஓடியதும் அணைந்தது, மீட்டர் 14.1 காட்டியது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பழுதுகளை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். ஆல்டர்னேட்டரின் உள்ளே சுழலும் ரோட்டர் தானாகக் காந்தமாக இருப்பதில்லை. அதற்கு முதலில் சிறிது மின்சாரம் வெளியிலிருந்து வர வேண்டும். சாவியைத் திருப்பியதும் அந்தச் சிறு மின்சாரம் எச்சரிக்கை விளக்கின் வழியாகத்தான் ரோட்டரின் சுருளுக்குப் போகிறது. எஞ்சின் ஓடி ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரத் தொடங்கியதும் விளக்கின் இரு பக்கமும் வோல்ட் சமமாகிவிடுவதால் விளக்கு அணைகிறது. ஆகவே பல்பு போனால் ரோட்டருக்கு முதல் மின்சாரமே கிடைப்பதில்லை. எஞ்சினை நன்றாக முடுக்கினால் மட்டும் சார்ஜ் தொடங்கும் வண்டிகளில், இரும்பில் எஞ்சியிருக்கும் கொஞ்சக் காந்தம்தான் அந்த வேலையைச் செய்கிறது. அந்த இடத்தில் எல்இடி விளக்கைப் பொருத்துவதும் தவறு, அதன் வழியே போகும் மின்சாரம் மிகச் சொற்பம்.

சோதிப்பது எளிது. லூக்காஸ் நிற முறையில் பழுப்பில் மஞ்சள் கோடு உள்ள கம்பிதான் இந்த விளக்குக் கம்பி. எஞ்சினை ஓட்டாமல், சாவியை மட்டும் திருப்பி, அந்தக் கம்பியை ஆல்டர்னேட்டரிலிருந்து பிடுங்கி எஞ்சினின் சுத்தமான உலோகப் பகுதியில் தொட்டால் விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்போ கம்பியோ போய்விட்டது. அப்படித் தொட்டால் எரிந்து, ஆல்டர்னேட்டரில் மாட்டினால் எரியாவிட்டால் உள்ளே ரோட்டரைத் தொட்டு மின்சாரம் கொடுக்கும் பிரஷ் தேய்ந்திருக்கலாம். சேற்றிலும் ஓடைநீரிலும் போகும் வண்டிகளில் அது சீக்கிரம் தேயும், பிரஷ்ஷை மட்டும் தனியாக மாற்றலாம்.

அடுத்தது தடித்த பழுப்புக் கம்பி. 34 ஆம்பியருக்குப் போடப்பட்ட கம்பியில் 65 ஆம்பியரை ஓட விடக் கூடாது. கம்பி சூடாகும், வோல்ட் வழியிலேயே கரையும். ஆல்டர்னேட்டரின் தடித்த முனையிலிருந்து ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சோலனாய்டில் பேட்டரிக் கம்பி ஏறும் முனைக்கு 16 சதுர மில்லிமீட்டர் கம்பி ஒன்றைத் தனியாக இழுத்து, சோலனாய்டுக்கு அருகில் தகுந்த தடித்த ஃபியூஸ் ஒன்றையும் வைத்தேன். எல்லா விளக்குகளையும் போட்டு, எஞ்சினைச் சற்று முடுக்கி, ஆல்டர்னேட்டர் முனைக்கும் பேட்டரியின் பிளஸ்ஸுக்கும் இடையே மீட்டரை வையுங்கள், 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ இழப்பு இருக்கிறது. அதேபோல ஆல்டர்னேட்டரின் உடலுக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் இடையிலும் பாருங்கள். மலைப்பகுதி ஈரத்தில், எஞ்சினைச் சேஸியோடு இணைக்கும் எர்த் பட்டையின் அடியில் துரு படிந்துவிடுகிறது; அவிழ்த்து, மணல் தாளால் பளபளவென்று தேய்த்து மாட்டினாலே பல வண்டிகள் தேறிவிடும்.

பொருத்தும்போது முதலில் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள், ஏனென்றால் பழுப்புக் கம்பியில் சாவி இல்லாமலே எப்போதும் மின்சாரம் இருக்கும். பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியை வாங்கும் முன்பே ஆல்டர்னேட்டர் தண்டின் தடிமனைப் பழையதோடு ஒப்பிட்டு அளந்துகொள்ளுங்கள். மூன்று புல்லிகளும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று நூல் பிடித்துப் பார்த்து, விலகியிருந்தால் வாஷர் வைத்துச் சரிசெய்யுங்கள். பெல்ட்டை இறுக்க நெம்பும்போது ஆல்டர்னேட்டரின் முன்பக்க மூடியில் மட்டுமே நெம்ப வேண்டும், பின்பக்கத்தில் நெம்பினால் அலுமினியம் விரிசல் விடும். அதே பெல்ட்தான் தண்ணீர் பம்ப்பையும் சுற்றுகிறது என்பதால் அளவுக்கு மீறி இறுக்கினால் பம்ப் பேரிங்கும் போய்விடும். நீண்ட பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் அமுங்கினால் போதும். வண்டி ஓடும்போது பேட்டரிக் கம்பியைக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வோல்ட் ஒரே பாய்ச்சலாக ஏறி ஆல்டர்னேட்டருக்குள் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுகளைச் சுட்டுவிடும். வண்டியில் வெல்டிங் வைப்பதற்கு முன்பும் ஆல்டர்னேட்டர் கம்பிகளைக் கழற்றிவிடுவது இதனால்தான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரண்டு நாள் சும்மா நின்றாலே இறங்குகிறது என்றால், வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். வண்டியை அணைத்து ஓர் இரவு விட்டு, காலையில் ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த காலையிலும் அது இளஞ்சூடாக இருந்தால் டயோடு கசிகிறது, மாற்றத்தான் வேண்டும். குளிர்ந்திருந்தால், மைனஸ் கம்பியைக் கழற்றி இடையில் ஆம்பியர் மீட்டரை வைத்து, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கும்போது அளவு விழுகிறதோ அந்த வழியில்தான் பேட்டரி காலியாகிறது. அந்த அளவுகளை இங்கேயே எழுதினால் மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.