அன்னபேதி அடித்தால் கருகல் நோய் கூடுமா? பயிர் பாக்டீரியாவும் இரும்பும்: கேள்வி பதில்

நெல் இலைக்கருகல் பாக்டீரியாவோடு ஆய்வகத்தில் பல வருடம் மல்லுக்கட்டியவள் நான். பயிரைத் தாக்கும் பாக்டீரியா இரும்புச்சத்தை எப்படிப் பெறுகிறது, அன்னபேதி என்ற இரும்பு உப்பை அடிக்கலாமா என்றெல்லாம் நீங்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

மண்ணில்தான் இரும்பு கொட்டிக் கிடக்கிறதே அக்கா, பாக்டீரியா ஏன் அதற்கு அலைய வேண்டும்?

பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் ஏறத்தாழ 5 சதவீதம் இரும்புதான். ஆனால் காற்றுப் பட்டால் துருவாகிவிடும், துரு தண்ணீரில் கரையாது. செடிக்குள் போனாலும் சும்மா கிடைக்காது. சிட்ரேட், நிக்கோட்டியானமின் போன்ற சிறு மூலக்கூறுகளோடு கட்டி வைத்துக்கொண்டு, மிச்சத்தை ஃபெரிட்டின் என்ற புரதத்துக்குள் செடி பூட்டிவிடும். அதனால் பல பாக்டீரியாக்கள் சிடரோஃபோர் என்ற சிறு மூலக்கூறை வெளியே அனுப்புகின்றன. அது இரும்பைக் கவ்விக்கொண்டு வரும். அதை அடையாளம் கண்டு உள்ளே விட பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் தனி வாசல் உண்டு.

இதைக் கண்ணால் பார்க்க முடியுமா மேடம்? நான் வேளாண் மாணவி.

தாராளமாக. ஷ்வின், நீலாண்ட்ஸ் இருவரும் 1987-ல் வெளியிட்ட சோதனை இன்றும் எல்லா ஆய்வகத்திலும் ஓடுகிறது. நல்ல நீல நிறத்தில் ஒரு அகார் தட்டு, அதாவது பாக்டீரியா வளர்க்கும் கூழ்த் தட்டு. சாயத்தோடு இரும்பு சேர்ந்திருக்கும் வரைதான் அந்த நீலம். நடுவில் பாக்டீரியாவைப் பொட்டு வைத்த மாதிரி வைத்து மூடிவிட்டு, சில நாள் கழித்துத் திறந்து பாருங்கள். காலனியைச் சுற்றி ஆரஞ்சு வளையம் விழுந்திருக்கும். சாயத்திடமிருந்து இரும்பை சிடரோஃபோர் பிடுங்கிக்கொண்ட இடம் அது. முதல் முறை பார்த்தபோது அந்தத் தட்டைக் கீழே வைக்கவே எனக்கு மனசு வரவில்லை.

அப்படியானால் வளையம் பெரிதாக விழுந்தால் கொடிய கிருமி என்று வைத்துக்கொள்ளலாமா?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நெல் பாக்டீரியா அதைப் பொய்யாக்கியது. ஹைதராபாத் ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட வேலை இது. நெல் இலைக்கருகல் உண்டாக்கும் சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியாவில் சிடரோஃபோரும் உண்டு, கரைந்த ஃபெரஸ் இரும்பை நேராக உள்ளே இழுக்கும் ஃபியோ-பி என்ற புரதமும் உண்டு. ஃபியோ-பி மரபணுவைக் கெடுத்தார்கள். பாக்டீரியா இரும்புப் பஞ்சத்தில் தவித்து ஓயாமல் சிடரோஃபோரை உற்பத்தி செய்தது. ஆனாலும் நெல்லில் நோய் உண்டாக்கும் சக்தி வெகுவாகக் குறைந்துவிட்டது. நெல் இலைக்குள் அதற்குக் கைகொடுப்பது ஃபியோ-பி வழிதான்.

டிக்கேயா என்ற அழுகல் பாக்டீரியாவின் கதை நேர் எதிர். ஆப்பிரிக்க வயலட் செடியில் பாரிஸ் ஆய்வாளர்கள் பார்த்தது: கிரைசோபாக்டின் என்ற சிடரோஃபோரைச் செய்ய முடியாத பாக்டீரியா, செலுத்திய இலையோடு முடங்கிவிட்டது. செடி முழுக்கப் பரவ முடியவில்லை. இதில் என்னை இன்னும் உலுக்குவது வேறொன்று. இரும்பு குறைந்ததும் இந்தப் பாக்டீரியா சிடரோஃபோரோடு நிற்பதில்லை, செடியின் செல்சுவரில் உள்ள பெக்டினைக் கரைக்கும் நொதிகளையும் கூட்டுகிறது. ஃபர் என்ற ஒரே புரதம்தான் இரண்டுக்கும் கடிவாளம். இரும்புப் பசி எடுத்தால் சுவரையும் உடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்றங்கால் வெளுத்துக் கிடக்கு அக்கா. அன்னபேதி அடித்தால் அது நோய்க்கிருமிக்குத் தீனியாகிவிடுமா?

பயப்படாமல் அடியுங்கள். தண்ணீர் கட்டிய நெல் வயலில் மண்ணின் இரும்பு தானாகவே கரையும் வடிவத்துக்கு மாறுகிறது. பற்றாக்குறையால் வெளுத்த நாற்றுக்கு அன்னபேதி மருந்து. ஆய்வகங்களில் சோதனைக்கு வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியை இரும்பு இல்லாமல் வளர்த்தபோது டிக்கேயாவின் அழுகல் குறைந்தது என்பது உண்மைதான். அதற்காக நெல்லைப் பட்டினி போட்டால் பச்சையம் போய், விளைச்சலும் போய்விடும்.

உங்கள் கவனம் வேறு இடத்தில் இருக்கட்டும். நாற்றின் நுனியைக் கிள்ளி நடாதீர்கள், அந்தக் காயத்தின் வழியாகத்தான் பாக்டீரியா நுழையும். யூரியாவை அளவோடு போடுங்கள். அடிக்கடி கருகல் வரும் ஊர் என்றால் ரகத்தை மாற்றுவது பற்றி யோசியுங்கள். ஹைதராபாத்தில் உருவான மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரியில் இந்த நோயைத் தாங்கும் 3 மரபணுக்கள் இருக்கின்றன.

சூடோமோனாஸ் பவுடர் இரும்பைத் திருடித்தான் நோயைத் தடுக்கிறதா?

ஒரு பங்கு அதுதான். 1980-ல் கலிபோர்னியாவில் குளோப்பரும் கூட்டாளிகளும் காட்டினார்கள்: வேரைச் சுற்றி இருக்கும் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா தன் சிடரோஃபோரால் இரும்பை முதலில் வளைத்துப் போட்டுவிடுவதால் மற்ற கிருமிகள் தவிக்கின்றன. அந்த சிடரோஃபோர்தான் புற ஊதா விளக்கில் மஞ்சள்பச்சையாக மின்னுவது. அப்புறம், செடியின் சொந்த எதிர்ப்பையும் இந்தப் பாக்டீரியா தூண்டிவிடும். விதை நெல்லுக்குக் கிலோவுக்கு 10 கிராம். உயிருள்ள பொருள் என்பதால் தாமிர மருந்தோடு கலக்காதீர்கள்.

தக்காளி பச்சையாக இருக்கும்போதே திடீரென்று வாடுகிறது. இரும்புக் குறையா?

இரும்புக் குறை என்றால் இளம் இலையில் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மஞ்சளாகும். நீங்கள் சொல்வது ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியாவால் வரும் வாடல் மாதிரி தெரிகிறது. சிடரோஃபோர் இல்லாவிட்டாலும் இந்தப் பாக்டீரியா தக்காளியை வாட்டிவிடும். சரி, வீட்டிலேயே பாருங்கள்: அடித்தண்டைக் குறுக்கே வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வெட்டுவாய் மட்டும் முங்கும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் நூல் மாதிரி வெள்ளையாக இறங்கினால் அதுதான். அந்தச் செடியை வேரோடு பிடுங்கி எரியுங்கள், அந்தப் பாத்தித் தண்ணீரை அடுத்த பாத்திக்கு விடாதீர்கள்.